ஃபென்டாஸ்டிக் பிளானட்ட வீட்ல மறுபடி பாக்கப் போறீங்களா? அடிக்கடி வர்ற கேள்விகளும் என் பதில்களும்

எந்தப் படம் இது?

1973ல வந்த பிரெஞ்சு அனிமேஷன் படம். பிரெஞ்சுல 'லா பிளானெட் சொவாஜ்', இங்கிலீஷ்ல 'ஃபென்டாஸ்டிக் பிளானட்'. டைரக்டர் ரெனே லலூ, அந்த உலகத்த வரைஞ்சு குடுத்தவர் ரோலான் தொபோர், திரைக்கதை ரெண்டு பேரும் சேந்து எழுதினது. மூலக்கதை ஸ்டெஃபான் வுல்ங்கிறவர் 1957ல எழுதின நாவல், வுல்ங்கிறது புனைபேர், ஆள் நெஜத்துல பல் டாக்டர். பிரான்ஸும் அப்ப இருந்த செக்கோஸ்லோவாக்கியாவும் கூட்டா எடுத்த படம், அனிமேஷன் வேலை பிராக்ல ட்ரின்கா ஸ்டுடியோல நடந்துச்சு. அந்த வருஷம் கான் சினிமா விழாவுல சிறப்புப் பரிசு வாங்குச்சு. அமெரிக்காவுல ரிலீஸ் பண்ணது ரோஜர் கார்மனோட நியூ வேர்ல்ட் கம்பெனி. ஒரு பக்கம் பைக் கும்பல் படமும் ஜெயில் படமும் சல்லிசா எடுத்துத் தள்ளிட்டு இன்னொரு பக்கம் ஸ்வீடன் டைரக்டர் பெர்க்மன் படத்தையும் இதையும் வாங்கி ஓட்டின ஆளு அவரு, அந்தத் துணிச்சலுக்காகவே ஒரு கும்பிடு போடலாம்.

மொத்தம் 72 நிமிஷம்தான். சாப்ட்டு முடிச்சு உக்காந்தா தூங்குறதுக்கு முன்னாடி முடிஞ்சுரும். முடிஞ்சதும் தூக்கம் வருமாங்கிறது வேற விஷயம்.

கதை மறந்துபோச்சு, கொஞ்சம் ஞாபகப்படுத்துங்களேன்?

இகாம்னு ஒரு கிரகம். அதுல டிராக்னு ஒரு இனம், நீலத் தோல், செவப்புக் கண்ணு, காது இருக்க வேண்டிய எடத்துல மீன் துடுப்பு மாதிரி ஒரு சவ்வு, ராட்சச உயரம். அவங்க உள்ளங்கையில அடங்குற சைஸ்ல இருக்குறவங்கதான் மனுஷங்க, இங்க அவங்களுக்கு ஓம்னு பேரு (நம்ம ஓங்காரத்தோட சம்பந்தம் ஒண்ணும் இல்ல). வீட்டு ஓம்கள டிராக்குங்க செல்லப் பிராணியா வளக்குறாங்க, காட்டு ஓம்கள பூச்சி மாதிரி மருந்தடிச்சு ஒழிக்கிறாங்க. டெர்னு ஒரு அநாதைக் குழந்தைய டீவாங்கிற டிராக் பொண்ணு எடுத்து வளக்குது, அந்தப் பொண்ணு பாடம் படிக்கிற ஹெட்செட்ல இருந்து டெருக்கும் பாடம் ஒட்டிக்குது, ஒருநாள் அவன் அந்த ஹெட்செட்டத் தூக்கிட்டு ஓடிர்றான், காட்டு ஓம்களோட சேர்றான், படிச்ச ஓம்கள் எதுத்து நிக்க ஆரம்பிக்கிறாங்க. இவ்வளவுதான். கீழ முடிவு வரைக்கும் எல்லாத்தையும் பேசப் போறேன், முதல் தடவை பாக்கப் போறவங்க இங்கயே நிறுத்திட்டு படத்தப் பாத்துட்டு வாங்க.

ஒரு தடவ பாத்தாச்சே, எதுக்கு இன்னொரு தடவ?

இந்தப் பக்கத்த எழுதுறதே இந்தக் கேள்விக்காகத்தான், அதனால இதுக்கு மட்டும் நீளமா சொல்றேன், பொறுத்துக்கோங்க.

சின்ன வயசுல பாக்குறப்ப எல்லாரும் டெர் பக்கம் நின்னுதான் பாப்போம். டிராக்குங்க வில்லன், ஓம்கள் பாவம், கடைசில பாவப்பட்டவன் ஜெயிக்கிறான், சுபம். ஆனா நம்ம வீட்ல ஒரு நாயோ பூனையோ வந்தப்புறம், இல்ல நம்மளே ஒரு குழந்தைய வளக்க ஆரம்பிச்சப்புறம் போட்டுப் பாருங்க, கண்ணு தானா டீவா பக்கம் போகும். அந்தப் பொண்ணு டெர வெறுக்கவே இல்ல, ஒரு எடத்துலகூட. தூக்கி வச்சுக்குது, விதவிதமா டிரஸ் மாட்டி விடுது, பாடம் கேக்குறப்பகூட கையிலயே வச்சுக்குது. அவன் கழுத்துல ஒரு பட்டை இருக்கு, அதுக்கான வளையல் டீவா கையில, அவன் கொஞ்சம் தூரம் ஓடிட்டான்னா போதும், பட்டை அவன தரதரன்னு இழுத்துட்டு வந்து இவ முன்னாடி போட்டுரும். அந்த சீன்ல நிறுத்தி நிறுத்தி டீவா மூஞ்சியப் பாருங்க. கொஞ்சுறப்ப எந்த மூஞ்சியோ இழுக்குறப்பவும் அதே மூஞ்சிதான். கோவம் கெடையாது, ரசிப்பும் கெடையாது. பொம்ம ஓடிப்போச்சு, திரும்ப வந்துருச்சு, அவ்வளவுதான் அவளுக்கு.

முதல் சீனையும் இப்படிப் பாக்கணும். ஒரு பொம்பள கைக்குழந்தைய அணைச்சுக்கிட்டு மூச்சு வாங்க ஓடுறா, ஒரு நீல விரல் வந்து சுண்டி விடுது, உருண்டு விழுறா, மறுபடி மேட்டுல ஏறுறா, மறுபடி சுண்டுது, அப்புறம் தூக்கிப் போடுது, செத்துப் போறா. அந்த விரலுக்குச் சொந்தக்காரங்க டிராக் குழந்தைங்க, விளையாடிட்டிருந்தாங்க, விளையாட்டுப் பொருள் அசையாமப் போச்சு, போர் அடிச்சுருச்சு, போயிட்டாங்க. எறும்ப வழி மறிச்சு விளையாடாத குழந்தை எந்த ஊர்ல இருக்கு சொல்லுங்க?

வெறுப்பே இல்லாத கொடுமைய இவ்வளவு நிதானமாக் காட்டின படம் எனக்குத் தெரிஞ்சு ரொம்ப கம்மி. டீவா கெட்டவளா இருந்தா படம் சுலபமாப் போயிருக்கும். அவ அப்பா சின் ஒரு பெரிய மனுஷன், சபையில பேசுறவர், தத்துவம் தியானம்னு நாள ஓட்டுறவர், வீட்ல பொண்ணு கையில இருக்குற உயிர் பாடத்தப் புரிஞ்சுக்குதுன்னு அவருக்கு உறைக்கவே ரொம்ப நாளாகுது. டீவா வளந்து பெருசாயி, தியானம் பண்ற வயசு வந்ததும் டெர் மேல இருந்த ஆசையும் குறைஞ்சு போயிருது. அதுவும் எவ்வளவு நெஜம் பாருங்க.

ஆனா இது போதையில பாக்க வேண்டிய படம்னுல்ல எல்லாரும் சொல்றாங்க?

சொல்வாங்க, அமெரிக்க காலேஜ் பசங்க ராத்திரி ஷோவுல பாத்த காலத்துல ஒட்டின லேபிள் அது, இன்னும் உரியல. விசித்திரமான செடி, விசித்திரமான மிருகம், வா-வா கிட்டார் எல்லாம் இருக்கு, ஒத்துக்குறேன். ஆனா படத்தோட குரல் சுத்தமா வேற. கனவு மாதிரி மிதந்துட்டே போகாது, மிருகக்காட்சி சாலைல போர்டு எழுதி வச்ச மாதிரி வறட்சியாப் போகும். கூண்டுக்குள்ள ஒரு பிராணி, மூக்கு நீண்டு மரக்கிளை மாதிரி விரிஞ்சிருக்கும், பக்கத்துல பறந்து வர்ற குட்டி உயிர்கள அந்தக் கிளையால புடிச்சு, உலுக்கி, தரையில வீசிட்டு சிரிக்கும். திங்கிறதுக்குக்கூட இல்ல, சும்மா. கேமரா அதக் கொஞ்ச நேரம் பாக்கும், அப்புறம் நகந்துரும், கதையில அதுக்கு ஒரு வேலையும் கெடையாது. இந்த மாதிரி எடங்கள்ல முழிச்சுட்டு இருக்கணும், தெளிவா இருக்கணும், மப்புல பாத்தா கலர் மட்டும்தான் மிஞ்சும்.

இதெல்லாம் தொபோரோட குணம். அவர் வரைஞ்ச தனி ஓவியங்களும் இப்படித்தான், கொடூரமான விஷயத்த பழைய புத்தகப் படம் மாதிரி பொறுமையா பேனாவால கோடு கோடாப் போட்டு வரைவாரு. நாடகக்காரர் அர்ரபால், டைரக்டர் ஜொடோரோவ்ஸ்கி கூட சேந்து 60கள்ல 'பேனிக்'ங்கிற கலைக் கும்பல ஆரம்பிச்ச ஆளு, போலன்ஸ்கி 1976ல எடுத்த 'டெனன்ட்' படத்தோட மூல நாவலும் இவர் எழுதினதுதான்.

பொம்மைங்க ஏன் இப்படி விறைப்பா நகருது? டிவில கோளாறா?

டிவில கோளாறு இல்ல, ஆனா டிவி செட்டிங்ல கோளாறு இருக்கலாம், ரெண்டையும் சொல்றேன்.

இது டிஸ்னி மாதிரி கண்ணாடித் தாள்ல வரைஞ்சு பெயின்ட் அடிச்ச செல் அனிமேஷன் கெடையாது. காகிதத்துல உருவத்த வரைஞ்சு, வெட்டி எடுத்து, பின்னணி ஓவியத்து மேல படுக்க வச்சு, மேல இருக்குற கேமராவால ஒவ்வொரு ஃபிரேமா எடுத்தது. ஏன் இந்த முறைன்னா செல்ல இங்க் போட்டுப் பெயின்ட் அடிச்சா உருவம் தட்டையா, ஒரே கலரா ஆயிரும், தொபோரோட பேனாக் கோடு எல்லாம் காணாமப் போயிரும். காகிதத்துல வரைஞ்சதையே வெட்டி வச்சா அந்தக் கோடு, அந்த நிழல் எல்லாம் அப்படியே ஸ்கிரீனுக்கு வந்துரும். அதுக்குக் குடுத்த விலைதான் அந்த விறைப்பு. தொபோர் டிசைன் குடுத்துட்டார், பிராக்ல அத ஆடுற உருவங்களா மாத்தினது யோசெஃப் காப்ர்ட், பின்னணி யோசெஃப் வானா, இவங்க பேர யாரும் சொல்றதே இல்ல, டைட்டில் கார்டுல நிறுத்திப் பாருங்க.

இப்ப மேல சொன்ன டீவா மூஞ்சி விஷயத்துக்கு வாங்க. வெட்டின காகித மூஞ்சில உணர்ச்சி காட்டுறது கஷ்டம், அதனால அவ மூஞ்சி மாறாது. வேற எந்தப் படத்துல இருந்தாலும் இது குறை. இங்க அதுவே படத்தோட பயம். டிராக்குங்க நெதானமாத் திரும்பி, நெதானமாக் கண்ண மூடி, நெதானமா கைய நீட்டுறப்ப கீழ இருக்குற ஓம்கள் பதறி ஓடுறாங்க பாருங்க, டிராக்கோட ஒரு வாரம்ங்கிறது ஓமுக்கு ஒரு வருஷம்னு கதையில வருமே, அத வசனமே இல்லாம கண்ணால பாத்துரலாம்.

டிவி செட்டிங் விஷயம் என்னன்னா, இப்ப வர்ற டிவி எல்லாத்துலயும் மோஷன் ஸ்மூத்திங்னு ஒண்ணு இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பேர் மாறும். ரெண்டு ஃபிரேமுக்கு நடுவுல இல்லாத ஒரு ஃபிரேம டிவியே கற்பனை பண்ணிச் சொருகும். காகித அனிமேஷன்ல ஒரே போஸ் சில ஃபிரேம் அசையாம நிக்கும், அப்புறம் அடுத்த போஸுக்குப் போகும், அந்தத் தாவலுக்கு நடுவுல டிவி மாவு பெசஞ்சு வச்சுரும், உருவத்தோட ஓரமெல்லாம் கரைஞ்சு நெளியும். முதல் வேலையா அத ஆஃப் பண்ணுங்க. ஷார்ப்னஸையும் குறைங்க, ஏத்தி வச்சா பேனாக் கோடுங்க எல்லாம் மினுமினுன்னு எறும்பு ஊர்ற மாதிரி ஆடும். நாய்ஸ் ரிடக்ஷனும் வேண்டாம், அது ஃபிலிம் துகளையும் கோட்டையும் சேத்து வழிச்சு எடுத்துரும்.

பழைய காப்பிக்கும் ப்ளூரேக்கும் அவ்வளவு வித்தியாசமா இருக்கு?

இருக்கு. நிறைய பேர் இதப் பாத்தது வீடியோ கேசட்டுலயோ, அதுல இருந்து ஏத்தின டிவிடிலயோ, நெட்ல சுத்துற மங்கின ஃபைல்லயோதான். அதுல நீலம் சாம்பலாயிரும், பின்னணி எல்லாம் பழுப்புச் சேறு, கோடு எதுவும் தெரியாது. நானும் முதல்ல பாத்தது அப்படி ஒரு காப்பிதான், ஹாஸ்டல்ல எவனோ ஹார்ட் டிஸ்க்ல கொண்டுவந்தது, இங்கிலீஷ் டப்பிங், மூஞ்சிங்க மேல வீடியோ கட்டம் கட்டமாத் தெரியும்.

அமெரிக்காவுல கிரைடீரியன்ங்கிற டிஸ்க் கம்பெனி 2016ல 2கே ரெஸ்டோரேஷன் பண்ணி, அதாவது பழைய ஃபிலிம சுத்தம் பண்ணி டிஜிட்டலா மாத்தி, ப்ளூரே போட்டாங்க. இங்கிலாந்துல யுரேகா கம்பெனியோட மாஸ்டர்ஸ் ஆஃப் சினிமா வரிசையில முதல்ல டிவிடி, அப்புறம் ப்ளூரே வந்துச்சு. நல்ல டிஸ்க்ல பாக்குறப்ப முதல்ல கண்ணுல படுறது காகிதம். தரை, பாறை, வானம் எல்லாத்துலயும் பென்சில் தேச்ச தடம், பேனாவால குறுக்கும் நெடுக்கும் இழுத்த நிழல். சில எடத்துல வெட்டின உருவத்தோட ஓரம் பின்னணி மேல ஒரு மெல்லிசு நிழல் போடுறதுகூடத் தெரியும். இதப் பாத்துட்டு 'ஐயோ, மாயம் போச்சே'ன்னு சொல்றவங்க இருக்காங்க. எனக்கு அப்படித் தோணல. யாரோ கத்தரிக்கோல் வச்சு வெட்டின ஒண்ணுதான் இதுன்னு தெரிஞ்சும் அந்த நீல விரல் வர்றப்ப வயித்துல ஒண்ணு பெசையுதே, அதுதான் மாயம்.

இன்னொண்ணு, படத்தோட அகலம். 1.66க்கு 1ங்கிற விகிதத்துல எடுத்தது, அதனால இப்ப இருக்குற அகல டிவில ரெண்டு பக்கமும் ஒல்லியா கறுப்புப் பட்டை வரணும். வரலேன்னா ஒண்ணு டிவி இழுத்து விட்டிருக்கு, இல்ல டிஸ்க்ல மேலயும் கீழயும் வெட்டியிருக்காங்க. 'ஜூம்' பட்டன் பக்கமே போகாதீங்க.

எந்த டிஸ்க் வாங்குறது? நம்ம பிளேயர்ல ஓடுமா?

இங்கதான் பாதிப் பேரு காச விடுறாங்க. ப்ளூரேக்கு உலகத்த மூணாப் பிரிச்சு வச்சிருக்காங்க. அமெரிக்காவும் சிங்கப்பூர் மலேசியாவும் ஏ, இங்கிலாந்தும் ஐரோப்பாவும் பி, இந்தியா சி. கிரைடீரியன் டிஸ்க் ஏ பூட்டோட வரும், யுரேகா டிஸ்க் பி பூட்டோட வரும். அப்ப சிங்கப்பூர், கோலாலம்பூர்ல இருக்குறவங்களுக்கு கிரைடீரியன் தொல்லையில்லாம ஓடும், லண்டன், பாரிஸ்ல இருக்குறவங்களுக்கு யுரேகா. சென்னைல கடையில வாங்கின சாதா பிளேயர் வச்சிருந்தா ரெண்டுமே ஓடாது, எந்த நாட்டு டிஸ்க்கையும் ஓட்டுற ரீஜியன் ஃப்ரீ பிளேயர் வேணும். டிவிடில இன்னும் நுணுக்கமாப் பிரிச்சிருக்காங்க, அமெரிக்கா 1, இங்கிலாந்து 2, சிங்கப்பூர் மலேசியா 3, இந்தியா இலங்கை 5, ஆனா நம்ம ஊர்ல விக்கிற டிவிடி பிளேயர்ல பாதிக்கு மேல எதப் போட்டாலும் ஓடும், அதப் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க.

டிவிடில ஒரே ஒரு விஷயம் கவனிங்க. ஐரோப்பா டிவிடி 'பால்' (PAL)ங்கிற டிவி முறை, நொடிக்கு 24 ஃபிரேம் படத்த 25ஆ ஓட்டும். அதனால 72 நிமிஷப் படம் 69 நிமிஷத்துல முடிஞ்சுரும். சீன் எதையும் வெட்டல, பயப்படாதீங்க. ஆனா இசை லேசா ஸ்ருதி ஏறிக் கேக்கும். இந்தப் படத்துல இசைக்குத்தான் பாதி மார்க்குங்கிறதால எனக்கு அது உறுத்தும், உங்களுக்கு உறுத்தலேன்னா ஒண்ணும் தப்பில்ல.

பிரெஞ்சா, இங்கிலீஷ் டப்பிங்கா?

பிரெஞ்சு. சப்டைட்டில் போட்டுக்கோங்க, வசனம் கம்மிதான், கண்ணு கீழயே இருக்கும்னு கவலைப்பட வேணாம்.

இங்கிலீஷ் டப்பிங் மோசம்னு சொல்ல மாட்டேன். வளந்த டெரோட குரல் பேரி பாஸ்ட்விக், ரெண்டு வருஷம் கழிச்சு 'ராக்கி ஹாரர் பிக்சர் ஷோ'ல வந்த அதே ஆளு. ஆனா அந்த டப்பிங்ல எல்லாரும் 'நடிக்கிறாங்க', கார்ட்டூனுக்குப் பேசுற மாதிரி ஏத்தி இறக்கி. பிரெஞ்சுல டெர் தன் கதைய ரொம்ப வருஷம் கழிச்சு, வேற யாருக்கோ நடந்தத சொல்ற மாதிரி தணிஞ்ச குரல்ல சொல்வான். சின்னுக்குக் குரல் குடுத்த ழான் தொபாரோட கனமான குரலையும் கேளுங்க, ஓம்கள ஒழிக்கலாமா வேண்டாமான்னு சபையில பேசுறத முனிசிபாலிடி மீட்டிங்ல கொசு மருந்து டெண்டர் பேசுற தொனியில கேக்குறப்பதான் நடுங்கும். கிரைடீரியன்ல ரெண்டு ட்ராக்கும் இருக்கு, அந்த சபை சீன மட்டும் ரெண்டுலயும் போட்டுப் பாருங்க, நான் சொல்றது புரியும்.

அந்த மியூசிக் எங்கயோ கேட்ட மாதிரி இருக்கே?

கேட்டிருப்பீங்க. அலன் கொராகேர் போட்டது, ஜாஸ் பியானோகாரர், பிரெஞ்சுப் பாடகர் கெய்ன்ஸ்பூர்கோட ஆரம்ப கால ரெக்கார்டு பலதுக்கு இசை ஒருங்கிணைச்சவர். எலக்ட்ரிக் பியானோ, புல்லாங்குழல், வா-வா கிட்டார், மெதுவான டிரம்ஸ், நடுவுல பொம்பளக் குரல் ஹம்மிங். ஒரே மெட்ட எடுத்து திருப்பித் திருப்பி வேற வேற வேஷத்துல விடுவாரு. ஹிப் ஹாப் ஆளுங்க இத விடவே இல்ல, மேட்லிப் 'குவாசிமோட்டோ'ங்கிற பேர்ல 2000ல போட்ட ஆல்பத்துலகூட இதுல இருந்து எடுத்திருக்கார். ஆல்பம் தனியாக் கிடைக்குது, பாட்டு லிஸ்ட்ல பையன் பேரு 'டென்'னு அச்சாயிருக்கும், குழம்பாதீங்க, டெர்தான்.

வீட்ல தியேட்டர் சவுண்ட் வச்சிருக்குறவங்களுக்கு ஒண்ணு, படம் மோனோ, அதாவது எல்லா சத்தமும் ஒரே ட்ராக்ல. அஞ்சு ஸ்பீக்கர்லயும் பிரிச்சு விடுற மோடு எதையும் போடாதீங்க. நடு ஸ்பீக்கர்லயே வரட்டும், இல்லேன்னா ஒரு நல்ல ஹெட்ஃபோன்.

குழந்தைங்களோட பாக்கலாமா? கார்ட்டூன்தானே?

அமெரிக்காவுல பிஜி, அதாவது பெரியவங்க பாத்துச் சொல்லி குழந்தைங்களும் பாக்கலாம்ங்கிற சான்றிதழ் குடுத்திருக்காங்க, அத நம்பி ஆறு வயசுப் புள்ளைய உக்கார வச்சுராதீங்க. நிர்வாணம் இருக்கு, அது பெரிய விஷயமில்ல, சிலை மாதிரிதான் இருக்கும். முதல் ரெண்டு நிமிஷத்துல ஒரு தாய் சாகுறா, அத விளையாட்டாக் கொல்றது குழந்தைங்க, அதுதான் விஷயம். அப்புறம் வாயு அடிச்சுக் கூட்டம் கூட்டமாக் கொல்ற சீன், நெஞ்சுல மிருகத்தக் கட்டிக்கிட்டு ரெண்டு பேர் போடுற சண்டை. பன்னெண்டு பதிமூணு வயசுன்னா கூட உக்காந்து பாக்கலாம், பாத்ததும் கேள்வி வரும், குறிப்பா வீட்ல கிளிக் கூண்டோ மீன் தொட்டியோ இருந்தா. பதில் ரெடியா வச்சுக்கோங்க.

இது செக்கோஸ்லோவாக்கியா மேல சோவியத் படையெடுத்த கதைதானே?

எல்லா எடத்துலயும் இத எழுதுறாங்க, பாதிதான் சரி. 1968 ஆகஸ்ட்ல சோவியத் தலைமையில டாங்கிங்க பிராகுக்குள்ள வந்துச்சு, அதுக்கப்புறம் இருந்த இறுக்கமான வருஷங்கள்ல அதே ஊர்ல வச்சுத்தான் இந்தப் படத்த எடுத்தாங்க. பெரியவன் சின்னவன மிதிக்கிற கதைய அந்த ஊர்ல உக்காந்து ஃபிரேம் ஃபிரேமா நகத்தினவங்க மனசுல என்ன ஓடியிருக்கும்னு நம்மளே யோசிச்சுக்கலாம். ஆனா நாவல் 1957லயே வந்துருச்சு, அதனால டாங்கிய நெனச்சு எழுதின உருவகக் கதைன்னு சொன்னா கணக்கு இடிக்குது.

என்னக் கேட்டா தொபோரோட சின்ன வயசுதான் இன்னும் கிட்டத்துல இருக்கு. 1938ல பாரிஸ்ல பொறந்தவர், அப்பா அம்மா போலந்துல இருந்து வந்த யூதர்கள், நாஜி ஆக்கிரமிப்புக் காலத்துல சவோய் மலைப் பக்கம் ஒளிஞ்சு வளந்தார். 'ஓம் ஒழிப்பு'ன்னு ஒரு வேலைக்கு அழகா ஒரு பேர் வச்சு, நாள் குறிச்சு, வாயு அடிச்சு, இவங்க ரொம்ப சீக்கிரம் பெருகுறாங்கன்னு காரணம் சொல்ற அந்த சீன்கள்ல யார் ஞாபகம் வேலை செஞ்சிருக்கும்? அதுக்காக இத ஒரே ஒரு சரித்திர சம்பவத்துக்குள்ள அடைச்சிர வேண்டியதில்ல, அடைச்சா டீவா வெளிய விழுந்துருவா. அவ எந்த ராணுவத்துலயும் இல்ல.

தலையில்லாத சிலைங்க நடனமாடுதே, அது என்னதான்?

டிராக்குங்க தியானம் பண்றப்ப அவங்க உணர்வு ஒரு குமிழியா மிதந்து பக்கத்துல இருக்குற நிலாவுக்குப் போகும், அதுதான் 'ஃபென்டாஸ்டிக் பிளானட்', படத்துப் பேரே இகாமக் குறிக்கல. அங்க தலையில்லாத ராட்சச ஆண் பெண் சிலைங்க இருக்கு, குமிழி போய் கழுத்துல உக்காந்ததும் சிலைக்கு உயிர் வந்து, வேற வேற கேலக்ஸில இருந்து வந்த உணர்வுகளோட ஜோடி போட்டு ஆடும். டிராக் இனம் தழைக்கிறதே அந்தக் கூடலாலதான். படத்துல மொத்தமா மெதுவா, அழகா இருக்குற எடம் இது. ராக்கெட்ல அங்க போய் எறங்கின ஓம்கள் பயத்துல ஒளிக்கதிரால சுட்டு சிலையோட கால உடைக்கிறாங்க, அடுத்தடுத்து எல்லாம் விழுது, இகாம்ல தியானத்துல இருந்த டிராக்குங்களுக்குப் புத்தி கலங்கிருது.

முதல் சீன்ல ஒரு விரல் செஞ்சதத்தான் இப்ப ஓம்கள் திருப்பிச் செய்றாங்க, அதுவும் தெரியாமத்தான். என்ன ஒடைக்கிறோம்னே தெரியாது அவங்களுக்கு. வீட்ல பாக்குற வசதி இதுக்குத்தான் ஆகும், சிலை விழுந்ததும் பின்னாடி போய் அந்த விரல் சீன ஒரு தடவ போட்டுட்டு வாங்க.

முடிவு ஏன் அவ்வளவு அவசரமா இருக்கு?

இது நெஜமாவே குறைதான், சப்பைக்கட்டு கட்ட மாட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல செடி, மிருகம், சடங்குன்னு ஆற அமரப் பாத்துட்டு வந்த படம், கடைசி சில நிமிஷத்துல ராக்கெட் கட்டி, நிலாவுக்குப் போய், சிலைய உடைச்சு, சபை கூடி, சமாதானமாயி, ஓம்களுக்குன்னு ஒரு செயற்கைத் துணைக்கோள் விட்டு அதுக்கு 'டெர்'னு பேரும் வச்சு முடிச்சிர்றாங்க. மூச்சு வாங்கும். அவ்வளவு நாள் கொன்னவனும் செத்தவனும் எப்படி உக்காந்து பேசினாங்கங்கிறது ஒரு வரி வசனத்துல போயிருது. நான் பாக்குறப்ப அந்த நிமிஷங்கள ஒரு முடிவுரை மாதிரி எடுத்துக்குவேன், படம் எனக்கு சிலை விழுறதோடயே முடிஞ்சுரும்.

டிஸ்க்ல இருக்குற எக்ஸ்ட்ராஸ்ல எத விடக்கூடாது?

லலூவும் தொபோரும் இதுக்கு முன்னாடி பண்ண குறும்படம் 'லெ எஸ்கார்கோ', அதாவது நத்தைகள். 60கள் நடுவுல எடுத்தது. ஒரு விவசாயி, அவர் தோட்டத்துக் கீரை வளரவே மாட்டேங்குது, அழுறார், கண்ணீர் பட்டதும் தளதளன்னு வளருது, அப்புறம் வேணும்னே அழுறதுக்கு வழி தேடுறார். கீரையத் தின்ன நத்தைங்க ஊரையே அழிக்கிற சைஸுக்கு வளந்துருது. பெரிய படத்தோட சைஸ் வெளையாட்டு, குரூரம், சிரிப்பு எல்லாத்துக்கும் வெத இங்க இருக்கு. இன்னொரு குறும்படம் 'லெ தோ மோர்' இருண்டது, மனுஷன் மனுஷனக் கொல்றதப் பத்தி, அத வேற ஒரு நாளைக்கு வச்சுக்கோங்க. 'லலூ சொவாஜ்'னு 2009ல எடுத்த டாக்குமென்டரியும் கிரைடீரியன்ல இருக்கு. லலூ சினிமாப் பள்ளியில படிச்சு வந்தவர் இல்ல, லா போர்துங்கிற மனநல மருத்துவமனையில வேலை பாத்தப்ப நோயாளிங்களோட சேந்து பொம்மலாட்டம், ஓவியம்னு ஆரம்பிச்சு, 1960ல அவங்களோட கதைய வச்சே ஒரு குறும்படம் எடுத்தவர். இது தெரிஞ்சப்புறம் படத்துல 'பைத்தியக்காரத்தனம்'னு தோணின எடமெல்லாம் வேற மாதிரித் தெரியும்.

'தி செல்' படத்துல இது வருதாமே?

வருது. 2000ல தர்செம் சிங் எடுத்த படம், ஜெனிஃபர் லோபஸ் பாத்திரம் ராத்திரி டிவில இத ஓடவிட்டுட்டுத் தூங்கிரும். ஜலந்தர்ல பொறந்தவர், அமெரிக்கப் படம், அதுக்குள்ள பிராக்ல எடுத்த பிரெஞ்சு கார்ட்டூன். சின்ன கண்ணடிப்புதான், அதுக்கு மேல அர்த்தம் தேட வேண்டாம்.

இது பிடிச்சுது, அடுத்து எதப் பாக்க?

லலூ மொத்தமா எடுத்த முழுநீளப் படம் மூணுதான். ரெண்டாவது 1982ல வந்த 'டைம் மாஸ்டர்ஸ்', இதுவும் வுல் நாவல்தான், டிசைன் பிரெஞ்சு காமிக்ஸ் ஓவியர் மோபியஸ், அனிமேஷன் ஹங்கேரில. ஆளில்லாத கிரகத்துல தனியா மாட்டிக்கிட்ட ஒரு குட்டிப் பையன், கையில இருக்குற மைக்கோட பேசிட்டே இருப்பான், மறுமுனையில இருக்குறவங்க அவனக் காப்பாத்த வந்துட்டே இருப்பாங்க. அனிமேஷன் சில எடத்துல சுமாரா இருக்கும், ஆனா கடைசித் திருப்பம் இருக்கே, அதுக்காக மன்னிக்கலாம். மூணாவது 'கந்தஹார்' (Gandahar, ஆப்கானிஸ்தான் ஊர் இல்ல), 80கள் கடைசில, டிசைன் இன்னொரு காமிக்ஸ் ஓவியர் காசா, வரைஞ்சது வட கொரியாவுல பியோங்யாங் ஸ்டுடியோல. இதுக்கு 'லைட் இயர்ஸ்'னு ஒரு இங்கிலீஷ் வெர்ஷன் இருக்கு, போஸ்டர்ல அறிவியல் கதை எழுத்தாளர் அசிமோவ் பேரப் பாத்துட்டு ஏமாறாதீங்க, படத்த வெட்டி இசையையும் மாத்தினது அது. வாங்குறதா இருந்தா பிரெஞ்சு வெர்ஷன்தானான்னு கவர்ல பாத்துட்டு வாங்குங்க.